எந்தக் கச்சா எண்ணெய் என்று கேட்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கச்சா எண்ணெய் பற்றிய செய்திகளில் நாள்தோறும் ஒரே ஓர் எண் வருகிறது: பீப்பாய் இத்தனை டாலர். தலையங்கமும் அதை வைத்தே எழுதப்படுகிறது. வாசகர்களின் வாதமும் அதை வைத்தே நடக்கிறது. ‘சந்தையில் பத்து டாலர் மலிவாக எண்ணெய் கிடைக்கும்போது சுத்திகரிப்பு ஆலைகள் ஏன் அதை வாங்கிக் குவிக்கவில்லை?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பத்து டாலர் யாரோ மனமிரங்கிக் கொடுத்த தள்ளுபடி அன்று. அந்த எண்ணெயின் கனத்தையும் கந்தகத்தையும் உப்பையும் அமிலத்தையும் சமாளிக்க வாங்குபவர் செய்ய வேண்டிய வேலைக்கான கூலி அது. அந்த வேலைக்கான கருவிகள் இருக்கிற ஆலைக்கு லாபம். இல்லாத ஆலைக்கு நஷ்டம், சில வேளை ஆபத்து. சுத்திகரிப்புத் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இடம் கருதிச் சுருக்க நேர்ந்தால் எண்களை மட்டும் வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கச்சா எண்ணெய் வயலுக்கு வயல் வேறுபடும். மண்ணெண்ணெய் போல ஓடுவதும் உண்டு. சூடாக்கினால்தான் குழாயில் நகரும் என்ற அளவுக்குப் பாகாக இருப்பதும் உண்டு. இந்தக் கனத்தை, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் பெயர்ச்சுருக்கமான ஏபிஐ என்ற எண்ணால் குறிக்கிறார்கள். 141.5-ஐ எண்ணெயின் ஒப்படர்த்தியால், அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தியால் வகுத்து, வருவதிலிருந்து 131.5-ஐக் கழித்தால் கிடைப்பது அது. தண்ணீருக்கு 10 வரும். எண் கூடக்கூட எண்ணெய் லேசு. 31.1-க்கு மேல் லேசான வகை, 22.3-க்குக் கீழ் கனமான வகை, இடைப்பட்டது நடுத்தரம். வட கடலின் பிரெண்ட் 38 அளவில் நிற்கும்; அமெரிக்காவின் வெஸ்ட் டெக்சாஸ் இன்டர்மீடியட் 40-ஐ ஒட்டி; துபாய் 31; மெக்சிகோவின் மாயா 22-க்குச் சற்றுக் கீழ்; வெஸ்டர்ன் கனடியன் செலக்ட் 20 அல்லது 21; வெனிசுவேலாவின் மெரே 16.

இங்கே செய்தியாளர்கள் அடிக்கடி இடறும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறோம். பீப்பாய் என்பது 159 லிட்டர் கொள்ளளவு; எடை அன்று. 38 ஏபிஐ எண்ணெயில் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 7.5 பீப்பாய். 20 ஏபிஐ எண்ணெயில் 6.7 பீப்பாய்தான். எல்லா எண்ணெயையும் 7.33 என்ற ஒரே எண்ணால் பெருக்கினால், கன எண்ணெய் இறக்குமதியைப் பற்றிய பீப்பாய்க் கணக்கு பத்து சதவீதம் வரை தவறிப்போகும்.

அடுத்தது கந்தகம். எடையில் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சந்தையில் ‘ஸ்வீட்’ (இனிப்பு), மேலே போனால் ‘சோர்’ (புளிப்பு). பிரெண்டில் 0.4 சதவீதம், துபாயில் 2, அரேபிய கன வகையில் 3-ஐ ஒட்டி, மேற்கு கனடிய வகையில் சுமார் 3.5. சதவீதமாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும் இந்த எண்களை டன்னாக மாற்றிப் பாருங்கள். நாளொன்றுக்கு ஒரு லட்சம் பீப்பாய் காய்ச்சும் ஆலையில் பிரெண்டை ஊற்றினால் தினமும் உள்ளே வரும் கந்தகம் சுமார் 53 டன். மேற்கு கனடிய வகையை ஊற்றினால் சுமார் 520 டன். அதில் ஒரு பகுதி அடிக்கசடோடு போய்விடும். மீதியை டீசலிலிருந்தும் பெட்ரோலிலிருந்தும் பிரித்தே ஆக வேண்டும். பல நாடுகளில் டீசலில் இருக்கலாம் என்று விதிக்கப்பட்ட கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான்.

பிரிக்கும் வழி இது. கோபால்ட்-மாலிப்டினம் அல்லது நிக்கல்-மாலிப்டினம் வினையூக்கியின் மேல், 300 முதல் 400 டிகிரி செல்சியஸ் சூட்டில், உயர் அழுத்த ஹைட்ரஜனோடு எண்ணெயை ஓடவிடுகிறோம். கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகப் பிரிகிறது. அந்த வாயுவை அமீன் கரைசல் உறிஞ்சுகிறது. பிறகு கிளாஸ் அலகு என்று அழைக்கப்படும் பகுதி அதைத் திரும்பக் கந்தகமாக்குகிறது. ஒவ்வொரு 32 கிலோ கந்தகத்துக்கும் குறைந்தது 4 கிலோ ஹைட்ரஜன் செலவாகும். பாதி கந்தகத்தோடு சேர, பாதி அது விட்டுப்போன இடத்தை நிரப்ப. இதுவும் ஏட்டுக் கணக்குதான். நடைமுறையில் எண்ணெயின் மற்ற மூலக்கூறுகளும் ஹைட்ரஜனைக் குடித்துவிடும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி சிறிதோ அதுதான் ஆலையின் எல்லை. நாளொன்றுக்கு 150 டன்னுக்குக் கட்டிய கந்தக அலகு நிரம்பிவிட்டால், எண்ணெய் எவ்வளவு மலிவாக வந்தாலும் காய்ச்சும் அளவைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. உலையின் சூட்டைக் கூட்டி வினையூக்கியைக் கசக்கிப் பிழியலாம் என்றால், இரண்டு மூன்று ஆண்டு உழைக்க வேண்டிய வினையூக்கி பாதியிலேயே தேய்ந்துபோய் ஆலையை நிறுத்த வைக்கும்.

கனம் ஏன் விலையைக் குறைக்கிறது என்பதற்கு வருவோம். எண்ணெயை உலையில் 350 முதல் 370 டிகிரி வரை சூடேற்றி முதல் கோபுரத்துக்கு அனுப்பினால் பெட்ரோலுக்கு மூலமான நாப்தா, மண்ணெண்ணெய், டீசல் என்று அடுக்கடுக்காகப் பிரியும். அதற்கு மேல் சூடேற்றினால் எண்ணெய் உடைந்து குழாய்க்குள் கரியாகப் படியும். அதனால் அடியில் தங்குவதை இரண்டாவது கோபுரத்தில், வெற்றிடத்தில், குறைந்த அழுத்தத்தில் காய்ச்சுகிறோம். அங்கும் ஆவியாகாமல் நிற்பதுதான் அடிக்கசடு. பிரெண்ட் வகையில் இது பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மாயாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஆலையின் வரவு செலவு பெரும்பாலும் இந்த அடிக்கசடை என்ன செய்கிறோம் என்பதில்தான் நிற்கிறது.

விளங்குவதற்காக ஒரு மாதிரிக் கணக்கு. பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் எல்லாம் சேர்ந்து சராசரியாகப் பீப்பாய் 95 டாலருக்கும், அடிக்கசடு 45 டாலருக்கும் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேசான எண்ணெயில் கசடு 15 சதவீதம், கனமானதில் 40 சதவீதம். கசடை அப்படியே விற்கும் எளிய ஆலைக்கு லேசான பீப்பாயிலிருந்து வருவது 87.50 டாலர், கனமான பீப்பாயிலிருந்து 75 டாலர். வித்தியாசம் 12.50. கன எண்ணெய் 10 டாலர் மலிவு என்று வாங்கினால் ஒவ்வொரு பீப்பாயிலும் இரண்டரை டாலர் நஷ்டம். இப்போது கோக்கர் உள்ள ஆலையைப் பாருங்கள். கசடை 480 டிகிரிக்கு மேல் சூடேற்றி, பெரிய உருளைத் தொட்டிகளில் உடைத்து, அதில் 70 சதவீதத்தை விலைபோகும் எரிபொருளாக்கி, மீதியை நிலக்கரி போன்ற கோக்காகவும் வாயுவாகவும் வெளியேற்றுகிறது. கோக்குக்கு விலையே இல்லை என்று வைத்தாலும், லேசான பீப்பாயில் சுமார் 90.70 டாலர், கனமானதில் 83.60 டாலர். வித்தியாசம் 7 டாலர் சொச்சம். அதே 10 டாலர் தள்ளுபடி இந்த ஆலைக்குப் பீப்பாய்க்கு ஏறத்தாழ 3 டாலர் மிச்சம். அதிலிருந்துதான் கோக்கரை ஓட்டும் செலவையும் கூடுதல் ஹைட்ரஜனையும் கழிக்க வேண்டும். ஒரே எண்ணெய், ஒரே தள்ளுபடி, ஒருவருக்கு வரவு, மற்றவருக்குச் செலவு. ‘மலிவான எண்ணெயை வாங்க மறுக்கிறார்கள்’ என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நேரான பதில் எங்களிடம் இல்லை.

கனமும் கந்தகமும் செய்திகளில் எப்போதாவது இடம்பெறுகின்றன. உப்பு இடம்பெறுவதே இல்லை. ஆனால் ஆலைகளில் அரிப்பைத் தொடங்கிவைப்பதில் அதற்கு இணை குறைவு. எண்ணெயோடு சேர்ந்து வரும் உப்புநீரை நீக்க, முதல் படியில் டீசால்ட்டர் இருக்கிறது. எண்ணெயை 110 முதல் 150 டிகிரிக்குச் சூடாக்கி, நூற்றுக்கு 4 முதல் 8 பங்கு நல்ல தண்ணீர் சேர்த்து, ஒரு வால்வு வழியாக அழுத்திக் கலக்கி, ஆயிரக்கணக்கான வோல்ட் மின்புலத்தில் நிறுத்திவைக்கிறோம். நீர்த்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, உப்பைச் சுமந்துகொண்டு அடியில் இறங்கும். ஆயிரம் பீப்பாய்க்கு 50 பவுண்டு உப்புள்ள எண்ணெய் வந்தால், ஒரு லட்சம் பீப்பாய் ஆலைக்குள் தினமும் 2 டன்னுக்கு மேல் உப்பு வருகிறது. அதை ஆயிரம் பீப்பாய்க்கு 1 பவுண்டு அளவுக்கு இறக்க வேண்டும்.

கன எண்ணெயில் இந்த வேலை முரண்டு பிடிக்கும். துளி இறங்குவதற்கு எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் அடர்த்தியில் வித்தியாசம் வேண்டும். கன எண்ணெயில் அது குறைவு. எண்ணெயும் கெட்டி. போதாததற்கு, அதிலுள்ள ஆஸ்ஃபால்டீன்கள் என்ற தார் போன்ற கனமான மூலக்கூறுகளும் நுண்மணலும் துளிகளின் மேல் தோல் போலப் படிந்து, ஒன்றோடொன்று சேரவிடாமல் செய்கின்றன. நடுவில் ஒரு சேற்றுக் குழம்பு அடுக்கு வளர்கிறது. அது மின்தகடுகளைத் தொட்டால் மின்சாரம் பாய்ந்து மின்புலம் விழுந்துவிடும்; அடியில் போனால் கழிவுநீர் நிலையம் எண்ணெயில் மூழ்கும். கலக்கும் வால்வை அதிகம் இறுக்கினாலும் இதே குழம்புதான். இறுக்காவிட்டால் உப்பு கழுவப்படாது. இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தை எண்ணெய் மாறும்போதெல்லாம் புதிதாகத் தேட வேண்டும்.

தப்பிப்போகும் உப்பில் மெக்னீசியம், கால்சியம் குளோரைடுகள் உலைச் சூட்டில் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குளோரைடாகின்றன. சாப்பாட்டு உப்பு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். அந்த வாயு கோபுரத்தின் உச்சிக்குப் போய், முதல் நீர்த்துளி உருவாகும் இடத்தில் கரைந்து, ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி இரும்பைத் தின்கிறது. நடுநிலையாக்க அம்மோனியாவோ அமீனோ விடுகிறோம். அது கூடினால் அம்மோனியம் குளோரைடு உப்பாகப் படிந்து, அதன் அடியிலேயே வேறொரு அரிப்பு தொடங்கும்.

இதைவிடத் தொல்லையானது கரிமக் குளோரைடு, அதாவது கார்பனோடு பிணைந்த குளோரின். அது தண்ணீரில் கரையாது. டீசால்ட்டரைச் சலனமின்றிக் கடந்துவிடும். 2019 ஏப்ரலில் ரஷ்யாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் துருஷ்பா குழாய்வழியில் நடந்தது இதுதான். பத்து லட்சத்தில் 10 பங்கு என்ற வரம்பைப் பல மடங்கு தாண்டிய குளோரைடு குழாயில் கலந்துவிட்டது. போலந்து, ஜெர்மனி பக்கம் ஓட்டம் நிறுத்தப்பட்டது. பெலாரஸில் ஆலைக் கருவிகள் பழுதாயின. ஏபிஐயும் கந்தகமும் வழக்கம்போலவே இருந்த எண்ணெய் அது. விலைக்கான இரண்டு எண்கள் சரியாக இருந்தும் எண்ணெய் கெட்டுப்போயிருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அமிலமும் அப்படித்தான். ஒரு கிராம் எண்ணெயின் அமிலத்தைச் சமன்செய்ய எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்பதே அமில எண். 0.5-ஐத் தாண்டினால் ஆலைகள் விழித்துக்கொள்ளும். சாட் நாட்டின் டோபா எண்ணெயில் கந்தகம் மிகக் குறைவு. ஆனால் அமில எண் 4-ஐ ஒட்டி நிற்கும். இந்த நாஃப்தெனிக் அமிலங்கள் 220 முதல் 400 டிகிரிக்குள், ஓட்டம் வேகமாக இருக்கும் குழாய் வளைவுகளிலும், உலையிலிருந்து கோபுரத்துக்குப் போகும் பெருங்குழாயிலும் உலோகத்தைப் பள்ளம் பறிக்கும். மாலிப்டினம் இரண்டரை சதவீதத்துக்கு மேல் உள்ள துருப்பிடிக்காத எஃகுதான் நம்பகமாகத் தாங்கும். அந்த எஃகு இல்லாத ஆலை, அமில எண்ணெயைக் குறைந்த பங்கில் மட்டுமே கலந்து ஓட்டலாம். அப்போதும் மொத்த எண்ணெயின் சராசரி எண்ணை நம்பிவிடக் கூடாது. அமிலம் காய்ச்சிப் பிரித்த சில பகுதிகளில், குறிப்பாக வெற்றிடக் கோபுரத்தின் கனமான எண்ணெயில், குவிந்து நிற்கும்.

கந்தகமே சூடான எஃகை மெல்ல அரிக்கும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2012 ஆகஸ்ட் 6 அன்று கலிபோர்னியாவின் ரிச்மண்ட் சுத்திகரிப்பு ஆலையில் இப்படி மெலிந்துபோன ஒரு குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. ஊழியர் உயிர் பிழைத்ததே பெரிது. சுற்றுப்புற மக்கள் ஏறத்தாழ 15,000 பேர் மருத்துவ உதவி தேடினார்கள். அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை, சிலிக்கான் குறைந்த பழைய கார்பன் எஃகைக் கந்தகம் அரித்ததைக் காரணமாகக் கண்டது. அந்த ஆலைக்கு வந்த எண்ணெயில் கந்தகம் பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவந்ததும் பதிவாகியிருக்கிறது. எண்ணெயை மாற்றும் முடிவு கொள்முதல் அறையில் எடுக்கப்படுகிறது; அதன் விளைவு குழாய்ச் சுவரின் தடிமனில் தெரிகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஆய்வுப் பொறியாளரின் கையெழுத்து கட்டாயம் இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

உலோகங்களைப் பற்றிச் சுருக்கமாக: கன எண்ணெயில் நிக்கலும் வனேடியமும் பத்து லட்சத்தில் நூற்றுக்கணக்கான பங்கு வரை இருக்கும். வனேடியம், கன எண்ணெயை உடைக்கும் அலகிலுள்ள வினையூக்கியின் படிகக் கட்டமைப்பையே குலைக்கும்; நிக்கல் வேண்டாத ஹைட்ரஜனையும் கரியையும் உண்டாக்கும்.

‘அப்படியானால் லேசானதையும் கனமானதையும் கலந்து நடுத்தரமாக்கிவிடலாமே’ என்று தோன்றும். செய்கிறார்கள், தவறுவதும் இங்கேதான் அதிகம். 45 ஏபிஐ எண்ணெயையும் 20 ஏபிஐ எண்ணெயையும் சம அளவில் கலந்தால் 31.5 ஏபிஐ வரும். துபாயின் எண்ணும் ஏறத்தாழ அதுவே. ஆனால் காய்ச்சிப் பார்த்தால் வேறு சரக்கு. மேலே நாப்தா நிறைய, கீழே கசடு நிறைய, நடுவில் டீசலும் மண்ணெண்ணெயும் குறைவு. கோபுரத்தின் உச்சியில் குளிர்விப்பான்கள் திணறும், அடியில் வெற்றிடக் கோபுரம் திணறும், நடுவிலிருக்கும் டீசல் அலகு பட்டினி கிடக்கும். சந்தையில் அதிகம் தேடப்படுவது டீசல் என்றால், ஏபிஐ எண்ணைப் பார்த்து வாங்கியவர் ஏமாந்துபோவார். காய்ச்சி வடிக்கும் வளைகோட்டை, அதாவது எந்தச் சூட்டில் எத்தனை சதவீதம் வெளிவருகிறது என்ற அட்டவணையைப் பார்க்காமல் கலவையை வாங்கக் கூடாது.

இன்னொரு பொறியும் உண்டு. கன எண்ணெயில் ஆஸ்ஃபால்டீன்கள் கரைந்து நிற்பதற்கு அந்த எண்ணெயிலேயே உள்ள நறுமண வகை (பென்சீன் போன்ற வளைய) மூலக்கூறுகள் துணை. ஷேல் பாறையிலிருந்து வரும் லேசான எண்ணெய் பெரும்பாலும் சங்கிலி மூலக்கூறுகள் நிறைந்த பாரஃபின் வகை. அதைத் தேவைக்கு மேல் சேர்த்தால் துணை மெலிந்து, ஆஸ்ஃபால்டீன் கருஞ்சேறாகப் பிரிந்து விழும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் குற்றமற்ற எண்ணெய், சேர்த்தால்தான் கோளாறு. பிரிந்த சேறு தொட்டியின் அடியிலும், டீசால்ட்டரின் குழம்பிலும், உலைக்கு முன்னிருக்கும் வெப்பமாற்றிகளின் குழாய்களிலும் படிகிறது. உலைக்குள் நுழையும் எண்ணெயின் சூடு இதனால் 10 டிகிரி இறங்கினால் போதும், ஒரு லட்சம் பீப்பாய் ஆலையில் நாளொன்றுக்குச் சுமார் 10 டன் எரிபொருளைக் கூடுதலாக எரிக்க வேண்டியிருக்கும். உலை ஏற்கெனவே முழு அளவில் எரிந்துகொண்டிருந்தால், காய்ச்சும் அளவைத்தான் குறைக்க வேண்டும். சில வாரங்களில் தள்ளுபடிப் பணம் இந்த வழியில் கரைந்துவிடுவது உண்டு.

தடுக்கும் வழி கடினமானதன்று. ஒவ்வொரு எண்ணெய்க்கும் கரைக்கும் திறனுக்கு ஓர் எண்ணும், கரையாமல் விழும் எல்லைக்கு ஓர் எண்ணும் ஹெப்டேன், டொலுவீன் என்ற திரவங்களைக் கொண்டு ஆய்வகத்தில் கண்டுபிடிக்கலாம். கலவையின் கரைக்கும் எண், அதிலுள்ள எண்ணெய்களின் விழும் எண்களில் எது பெரிதோ அதைவிட உயர்ந்து நிற்க வேண்டும். சற்றுக் கூடுதலாகவே நிற்பது நல்லது. கன எண்ணெயை முதலில் தொட்டியில் வைத்து, லேசானதைக் கலக்கிக்கொண்டே மெல்லச் சேர்க்க வேண்டும். வரிசையை மாற்றினால், ஒரு கட்டத்தில் லேசான எண்ணெய் வெகுவாக மிஞ்சியிருக்கும். அப்போது விழும் சேறு பிறகு எளிதில் கரையாது. அவசரத்துக்கு வடிதாளில் ஒரு துளி வைத்துப் பார்த்தாலே போதும்: கறை ஒரே சீராகப் பரவினால் நல்லது; நடுவே அடர்ந்த வளையம் தெரிந்தால் கலவையை நிறுத்த வேண்டும்.

லேசான எண்ணெய் மட்டும் கிடைத்தால் எல்லாம் சுகம் என்றும் நினைக்க வேண்டாம். கன எண்ணெய்க்காகக் கட்டிய ஆலையில் அதை ஓட்டினால் கோக்கரும் வெற்றிடக் கோபுரமும் பாதிச் சுமையில் நிற்கும், முதலீடு தூங்கும். ஷேல் எண்ணெயில் ஹைட்ரஜன் சல்பைடை அடக்க ஏற்றுமிடத்தில் சேர்க்கும் ட்ரையசின் மருந்து, ஆலைக்குள் அமீனாக உடைந்து, கோபுர உச்சியில் குளோரைடோடு சேர்ந்து உப்பாகப் படிகிறது. சுத்தமான எண்ணெய் என்று பெயர் வாங்கிய சரக்கிலிருந்து வரும் அரிப்பு இது.

இனி சந்தை. 2011-இல் லிபியாவில் போர் மூண்டபோது நாளொன்றுக்குச் சுமார் 16 லட்சம் பீப்பாய் உற்பத்தி ஏறக்குறைய நின்றது. சவூதி அரேபியாவிடம் உபரித் திறன் இருந்தது. அளவை வைத்துப் பார்த்தால் பற்றாக்குறையே கூடாது. ஆனால் போனது லேசான, கந்தகம் குறைந்த எண்ணெய். ஈடாகக் கிடைத்தது பெரும்பாலும் கந்தகம் மிகுந்த நடுத்தர வகை. மத்தியதரைக் கடலோரத்து எளிய ஆலைகளால் அதை அப்படியே மாற்றிக்கொள்ள முடியவில்லை. அந்த ஜூனில் சர்வதேச எரிசக்தி முகமை 6 கோடி பீப்பாய் கையிருப்பைத் திறந்துவிட முடிவுசெய்தது. அதில் அமெரிக்கா தன் பங்காகக் கொடுத்தது லேசான, கந்தகம் குறைந்த வகைதான். பற்றாக்குறை எண்ணெய்க்கு வரவில்லை, ஒரு தரத்துக்கு வந்தது.

அமெரிக்காவின் நிலை இதற்கு மறுபக்கம். மெக்சிகோ வளைகுடாக் கரையின் பெரிய ஆலைகள் வெனிசுவேலா, மெக்சிகோ எண்ணெயை எதிர்பார்த்துக் கோக்கர் கட்டியவை. பிறகு ஷேல் வயல்களில் லேசான எண்ணெய் பெருகியது. அதை உள்நாட்டில் முழுதாக விழுங்க முடியாத நிலையில், 1970-களிலிருந்து நீடித்த ஏற்றுமதித் தடை 2015 டிசம்பரில் நீக்கப்பட்டது. இன்றும் அந்த நாடு லேசானதை விற்றுக்கொண்டே கனடாவின் கன எண்ணெயை வாங்குகிறது. ‘இவ்வளவு உற்பத்தி செய்யும் நாடு ஏன் இறக்குமதி செய்கிறது?’ என்று உங்கள் பக்கங்களிலும் கேள்வி எழுந்ததுண்டு, காரணம் இதுவே. 2019 ஜனவரியில் வெனிசுவேலா அரசு எண்ணெய் நிறுவனத்தின் மேல் தடை வந்தபோது, அதே கரையில் கன எண்ணெய்க்கான தள்ளுபடி சுருங்கிப்போனது.

எரிபொருள் விதிகளும் எண்ணெயின் மதிப்பை மாற்றும். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்தது. கந்தகத்தைப் பிடிக்கும் கருவி பொருத்தாத கப்பல்கள் பழைய உலை எண்ணெயை எரிக்க முடியாமல் போனது. அப்போது ஆஸ்திரேலியாவின் பைரனீஸ், வான் கோ போன்ற எண்ணெய்கள், 20-ஐ ஒட்டிய ஏபிஐயோடு கனமாக இருந்தும், கந்தகம் குறைவு என்பதால் பிரெண்டைவிட மிக உயர்ந்த விலைக்குப் போயின. ‘கனம் என்றால் மலிவு’ என்ற சூத்திரம் இங்கே செல்லாது. சாலை போடும் தார் வேண்டுமென்றாலும் செல்லாது: மெழுகு மிகுந்த, விலை உயர்ந்த எண்ணெயிலிருந்து நல்ல தார் வராது, அதற்கு ஆஸ்ஃபால்டீன் நிறைந்த கன எண்ணெய்தான் வேண்டும்.

பிரெண்ட் விலை என்பதும் ஒரே எண்ணெயின் விலை அன்று. பிரெண்ட், ஃபோர்ட்டீஸ், ஓசெபர்க், எகோஃபிஸ்க், ட்ரோல் ஆகியவற்றோடு 2023 முதல் அமெரிக்காவின் மிட்லண்ட் வகையும் சேர்ந்த கூடை அது. 2007-இல் பஸ்ஸர்ட் வயலின் எண்ணெய் கலந்து ஃபோர்ட்டீஸில் கந்தகம் ஏறியபோது, 0.6 சதவீதத்துக்கு மேல் போனால் விற்பவர் விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. உலகமே பார்க்கும் விலைக்குள்ளேயே தரத்துக்கான கழிவு இப்படிக் கட்டப்பட்டிருக்கிறது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் சிறியது. விலைப் பெட்டியில் ஒவ்வொரு எண்ணெயின் பெயருக்கும் பக்கத்தில் ஏபிஐயையும் கந்தகச் சதவீதத்தையும் அச்சிடுங்கள். இரண்டு எண்களுக்கு இடம் இருக்கும். எந்த நாடாவது, எந்த ஆலையாவது தள்ளுபடியில் எண்ணெய் வாங்குகிறது என்ற செய்தி வந்தால், தள்ளுபடி எந்தத் துறைமுகத்து விலையில் என்பதையும், அடிக்கசடு எவ்வளவு, அமில எண் எவ்வளவு என்பதையும், வாங்கும் ஆலையில் கோக்கர் இருக்கிறதா என்பதையும் உங்கள் செய்தியாளர் கேட்கட்டும். தரச் சான்று எந்த ஆண்டில் எடுத்தது என்றும் கேட்க வேண்டும். வயல் முதிர முதிர எண்ணெய் மாறும். ஐந்தாண்டுக்கு முந்தைய சான்றை வைத்து இன்றைய சரக்கை எடைபோட முடியாது. கப்பல் வந்து சேர்ந்ததும் தொட்டியின் மேல், நடு, அடி மூன்றிலும் மாதிரி எடுத்து, நீர், உப்பு, கந்தகம், அமிலம், கரிமக் குளோரைடு பார்த்த பிறகே வால்வைத் திறக்க வேண்டும். சான்றுக்கும் சரக்குக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் முதலில் பிடிபடும்.

இப்படிக்கு,
சுத்திகரிப்புத் தொழிலில் பணிபுரியும் பொறியாளர்கள்